ஆரின்ரை ஆடு?

படக்கதை எழுதுகிறவர்கள் ஒரு நூலை அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்னர், தம் கையாலேயே மாதிரிப் புத்தகம் ஒன்றைச் செய்துகொள்வது வழக்கம். நான்கு தாள்களை நடுவே மடித்து, ஒன்றினுள் ஒன்றைச் செருகி, முதுகில் இரண்டு கம்பி அடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். அவற்றில் ஓவியரின் பென்சில் வரைவுகளை ஒட்டி, வசனங்களைக் கையால் எழுதி, பிள்ளைகளிடம் கொண்டுபோய் வாசித்துப் பார்க்க வேண்டும். மேசையில் இருந்து மாதக்கணக்காகத் திருத்தியும் கண்ணுக்குப் படாத குறை, நாலு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் பாயில் அமர்ந்து பார்க்கும்போது மூன்றாம் பக்கத்திலேயே வெளிப்பட்டுவிடும். அப்படியொரு மாதிரிப் புத்தகத்தோடு யாழ்ப்பாணத்தில் உரும்பிராய்ப் பக்கத்திலுள்ள முன்பள்ளி ஒன்றுக்கு நான் போன காலையில் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி, ஓராண்டுக்கும் மேலாக என்னோடு இருக்கிறது. ஒரு பாத்திரத்தை எப்படி உருவாக்க வேண்டும் என்று நான் அதுவரை நம்பியிருந்ததை அந்தக் கேள்வி அடியோடு அசைத்தது. அதைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அந்தக் கதையின் ஆட்டுக்குட்டிக்குத் துள்ளி என்று பெயர் வைத்திருந்தேன். துள்ளி பச்சைப் புல்வெளியில் ஓடும், வண்ணத்துப்பூச்சியைத் துரத்தும், குளத்தில் தன் நிழலைக் கண்டு மிரளும், கடைசியில் அந்த நிழலோடு நட்பாகிவிடும். மூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோது முன்வரிசைச் சிறுவன் ஒருவன் கையை உயர்த்தாமலே கேட்டான்: "அன்ரி, உது ஆரின்ரை ஆடு?" நான் அதற்கு ஆயத்தமாக இருக்கவில்லை. "அது ஒருத்தரின்ரையும் இல்லை ராசா, தன்ரை பாட்டிலை ஓடித் திரியிற ஆடு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போக முயன்றேன். அவன் சற்று நேரம் யோசித்தான். பிறகு, "அப்ப அதைத் தேடுவினம்" என்றான். அதற்குப் பிறகு அவன் கதையைக் கேட்கவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் நான் விரித்துக் காட்டும்போது அவன் கண்கள் ஆட்டைப் பார்க்காமல் படத்தின் ஓரங்களுக்குப் போயின. ஆட்டைத் தேடிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். ஐந்தாம் பக்கத்தில் இன்னொரு பிள்ளை, "பொழுதுபட்டா உது எங்கை படுக்கும்?" என்று கேட்டாள். குளத்து நிழலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் மகிழ்ச்சியான கதையென்று எண்ணி எழுதியதை அந்தப் பிள்ளைகள் காணாமற்போன ஓர் ஆட்டின் கதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

துள்ளியை நான் உருவாக்கிய முறையைச் சொல்ல வேண்டும். எழுதத் தொடங்கிய நாள்களில் நான் பயின்ற முறை அது. முதலில் பாத்திரத்தின் குணங்களைப் பட்டியலிடுவேன்: குறும்பு, துணிவு, கொஞ்சம் பயம், நிறைய அன்பு. பிறகு அதற்கு ஓர் ஆசையையும் ஒரு தடையையும் தேடுவேன். அதன் பிறகு பெயர். பெயர் குணத்தைச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். இவ்வளவும் முடிந்த பின்னர் அந்தத் தாளை ஓவியருக்கு அனுப்புவேன். அவர் அதற்கு முகம் கொடுப்பார். இந்த முறை முழுவதும் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆசையில்லாத பாத்திரம் பக்கத்தைப் புரட்ட வைக்காது என்பது உண்மை. ஆனால் இந்தப் பட்டியலை வைத்து ஆட்டுக்குட்டியையும் எழுதலாம், முயலையும் எழுதலாம், மேகத்தையும் எழுதலாம். குணங்களை ஆட்டிலிருந்து எடுத்து முயலுக்கு மாற்றினால் ஒரு வரி கூடக் குழம்பாது என்றால், அங்கே ஆடு என்ற ஒன்று இருக்கவே இல்லை என்றுதான் பொருள். துள்ளியைப் பற்றி நான் எழுதிய 112 சொற்களில் ஆட்டுக்கு மட்டுமே பொருந்துவன எத்தனை என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். நான்கு.

அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆடு வேறு. அது கோடிப்புறத்தில், பலாமரத்திலோ முளைக்கட்டையிலோ கட்டப்பட்டிருக்கும். காலையில் அம்மம்மாவோ அப்பாச்சியோ கொக்கத்தடியால் பறித்துப் போட்ட முள்முருக்கங்குழை அதன் முன்னால் கிடக்கும். அதன் சத்தத்தைக் கேட்டே அது பசிக்குக் கத்துகிறதா, தண்ணீருக்குக் கத்துகிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லுவார்கள். கயிறு அறுத்துக்கொண்டு ஒழுங்கையில் ஓடும் ஆட்டைக் கண்டால், கண்டவர் யாராக இருந்தாலும் அவர் மனத்தில் எழும் முதற் கேள்வி, அது யாருடைய ஆடு என்பதுதான். கேட்டுக்கொண்டே அதைப் பிடித்துக் கட்டிவைப்பார். ஆகவே அந்தச் சிறுவன் என் கதையைக் குழப்பவில்லை. அவன் வளர்ந்த வளவில் ஒரு நல்ல அயலவர் செய்வதையே செய்தான். வேலியில்லாத, மனிதரில்லாத, முடிவில்லாத அந்தப் பச்சைப் புல்வெளியை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் வலிகாமப் பகுதியில் அப்படியொரு வெளி இல்லை. சிறு வயதில் நூலகத்தில் பார்த்த பிறநாட்டுப் படப் புத்தகங்களின் வெளி அது. அப்படித்தான் அன்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் பாதிதான் உண்மை என்பது பின்னரே தெரிந்தது.

நம் ஊர்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒரு பாத்திரத்தை நினைத்துப் பார்த்தேன். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பாடிய கத்தரித் தோட்டத்து வெருளி அது. அந்த வெருளிக்குப் பெயரில்லை. குணப் பட்டியலும் இல்லை. அது ஒரு தோட்டத்தின் நடுவே நிற்கிறது, காவல் காக்கிறது. அது நிற்கும் இடமே அதன் ஆளாகிவிடுகிறது. அந்தத் தோட்டத்திலிருந்து அதைப் பிடுங்கினால் வைக்கோலும் பழந்துணியும்தான் மிஞ்சும். அமெரிக்கப் படக்கதை ஆசிரியர் மொரிஸ் சென்டாக் 1963இல் வெளியிட்ட Where the Wild Things Are என்ற தம் புகழ்பெற்ற நூலுக்கு முதலில் காட்டுக் குதிரைகளைத்தான் எண்ணியிருந்தார். குதிரை வரைய வராமற்போகவே பெயரில்லாத பூதங்களுக்கு மாறினார்; அந்தப் பூதங்களுக்குத் தம் சிறுவயதில் புரூக்ளின் வீட்டுக்கு வந்துபோன மாமன்மார், மாமிமாருடைய முகங்களைக் கொடுத்தார். குதிரைகள் யாருடையவையும் அல்ல. பூதங்கள் அவருடைய உறவினர். நெதர்லாந்து ஓவியர் டிக் புரூனா 1955 முதல் வரைந்த மிஃபி என்ற சிறு முயலோ, உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும்போதும் முகத்தை வாசிக்கும் பிள்ளைக்கு நேரே காட்டி நிற்கும். அது புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிற பிள்ளையினுடையது. "ஆரின்ரை?" என்ற கேள்விக்கு இந்த மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. என் துள்ளியிடம் பதில் இல்லை.

கயிற்றின் மற்றத் தலைப்பு

குறை தெரிந்தவுடன் அதைச் சுலபமாகத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் ஓவியரைத் தொலைபேசியில் அழைத்து, ஆட்டின் கழுத்தில் ஒரு கயிறு வரைந்துவிடும்படி சொன்னேன். அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்; என்னை அக்கா என்று அழைப்பவர்; சொன்னதை உடனே செய்யாமல் ஒரு நாள் வைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். ஏற்கெனவே அந்த ஆட்டுக்காக அவர் மிகவும் உழைத்திருந்தார். உண்மையான ஆட்டின் கண்மணி வட்டமானது அன்று. கிடையாகப் படுத்த நீள்சதுரம் போன்றது. அதை அப்படியே வரைந்தால் சின்னப் பிள்ளைகள் அஞ்சுகிறார்கள் என்பதால், கண்ணை ஒரு கறுத்தப் புள்ளியாகக் குறைத்து, உணர்ச்சி முழுவதையும் காதுகளுக்குக் கொண்டுவந்தார். தீவனம் கிடைத்தால் காது முன்னே வரும், பயந்தால் பின்னே போகும், சோர்ந்தால் தொங்கும். முன்புறம், பக்கம், பின்புறம், படுத்த நிலை, எழும்பி நிற்கும் நிலை என்று ஒரே ஆட்டைப் பல கோணங்களில் ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவைத்துவிட்டே பக்கங்களைத் தொடங்கினார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அது அதே ஆடுதான் என்று பிள்ளை நம்ப வேண்டும் அல்லவா? இரண்டாம் நாள் அவர் திரும்ப அழைத்தார். "அக்கா, கயிறு கீறலாம். அதின்ரை மற்றத் தலைப்பு எதிலை கட்டிக் கிடக்கு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் மாலை எனக்குப் பத்து வயது. போருக்கு அஞ்சி வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக ஊரைவிட்டு வெளியேறிய அந்த நாளைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிளின் பின்னால் கட்டிய இரண்டு பைகளோடு நாங்கள் படலையில் நின்றபோது அம்மம்மாவை மட்டும் காணவில்லை. என்னை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னார்கள். கோடிப்புறத்தில் அவர் பலாமரத்தடியில் குந்தியிருந்து ஆட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மரத்திலிருந்த முடிச்சை அவிழ்ப்பது எளிது; கழுத்து முடிச்சு மழையில் நனைந்து இறுகிப்போயிருந்தது. ஏன் இதை அவிழ்க்கிறீர்கள் என்று கேட்டேன். "கயிறோடை விட்டா எங்கையாவது வேலியிலை மாட்டுப்பட்டுச் செத்துப்போகும்" என்றார். அவிழ்த்ததும் ஆடு போகவில்லை. இரண்டடி தள்ளி நின்று எங்களைப் பார்த்தது. அம்மம்மா கொக்கத்தடியை எடுத்து, எட்டிய மட்டும் பலாக்குழை பறித்துப் போட்டார். பிறகு அந்தத் தடியாலேயே அதைத் துரத்தினார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்வரை அவர் ஒரு சொல் பேசவில்லை. அடுத்த ஆண்டு வைகாசியில் நாங்கள் திரும்பி வந்தபோது, பலாமரத்தில் கயிறு அப்படியே கட்டிக் கிடந்தது. மற்றத் தலைப்பு வெறுமையாக, வளைந்த வடிவு கலையாமல் மண்ணில் கிடந்தது. அம்மம்மா பல நாள்கள் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், திரும்பியிருந்த வீடுகளில் எல்லாம், "எங்கட ஆட்டைக் கண்டனீங்களோ?" என்று கேட்டுவந்தார். வீட்டுக்குள் உடைந்து கிடந்தவற்றைப் பற்றி அவர் எவரிடமும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

கயிறில்லாமல், ஆளில்லாத வெளியில் தனியே ஓடித் திரியும் ஓர் ஆட்டை நான் ஏன் வரைவித்தேன் என்பது அந்தத் தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறநாட்டுப் புத்தகங்களின் புல்வெளி என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டது மேலோட்டமான காரணம். எங்கள் ஆடு எங்கேயோ ஒரு பச்சை வெளியில் பிழைத்திருக்கிறது என்று பத்து வயதில் நான் கற்பனை செய்துகொண்டிருந்தேன். இரவுகளில் அதற்குக் குளமும் வண்ணத்துப்பூச்சியும் கொடுத்துத் தூங்கியிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் கழித்து அதையே குழந்தைக் கதை என்று எழுதிக் கொண்டுபோய், 1995ஐ அறியாத ஒரு சிறுவனின் முன்னால் விரித்தேன். அவன் ஒரே பார்வையில், "அப்ப அதைத் தேடுவினம்" என்றான். உண்மையாகவே தேடினார்கள். அவன் சொன்னது அம்மம்மாவின் கதை.

ஒரு பாத்திரத்துக்குள் எழுதுகிறவரின் துயரம் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; இல்லாமல் இருக்கவும் முடியாது. ஆனால் அந்தத் துயரத்தை ஆற்றுவதற்கென்று ஒரு பாத்திரத்தைச் செய்து, அதைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இது உன் மகிழ்ச்சிக்கானது என்று சொல்வது நேர்மையன்று. துள்ளி எனக்குத் தேவைப்பட்ட ஆடு. அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது, இன்று மாலையும் நாளை காலையும் அதே மரத்தடியில் நிற்கக்கூடிய ஓர் ஆடு. ஓவியர் தம்பியை மறுபடியும் அழைத்து, புத்தகம் முழுவதையும் திரும்ப எழுதப்போகிறேன் என்றேன். கயிற்றின் மற்றத் தலைப்பு பலாமரத்தில் கட்டியிருக்கிறது என்றும் சொன்னேன். காரணத்தை அவர் கேட்கவில்லை. என்ன வகைக் கயிறு, தும்புக்கயிறா நைலோன் கயிறா என்று மட்டும் கேட்டார்.

படலையில் கேட்கப்படும் கேள்வி

ஆனால் கயிற்றைக் கட்டிவிட்டதோடு என் மனம் அமைதியடையவில்லை. "ஆரின்ரை?" என்ற சொல்லை நான் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். பள்ளித் தோழி ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிவந்த நாளில், அவள் படலையைத் தாண்டுமுன்னரே ஒரு பெரியவர், "நீர் ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டார். தகப்பன் பெயரைச் சொன்னாள். எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தேநீர் எந்தப் பாத்திரத்தில் வந்தது என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவள் அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒரே கேள்வி, காணாமற்போன ஆட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தும் சேர்க்கிறது, ஒரு பிள்ளையைப் படலையிலேயே நிறுத்தியும் வைக்கிறது. நாம் அதை அன்பாகவும் கேட்கிறோம், அளப்பதற்கும் கேட்கிறோம். பல வேளைகளில் கேட்கிறவருக்கே எதற்காகக் கேட்கிறோம் என்பது தெரியாது. அப்படியிருக்க, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே ஒரு பாத்திரத்தை அமைக்கலாமா? ஆடு இன்ன வீட்டினுடையது, இந்த வளவு இன்னாருடையது என்று முதற் பக்கத்தில் எழுதிவிட்டால், புத்தகத்தைத் திறக்கும் எந்தப் பிள்ளை உள்ளே வரலாம், எந்தப் பிள்ளை வெளியே நிற்க வேண்டும் என்பதையும் நான் தீர்மானித்துவிடுகிறேனோ என்ற அச்சம் இருந்தது.

பாத்திரம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வீட்டையும் ஊரையும் பேச்சையும் கழற்றிவிடுவது எளிய வழி. பலரும் அந்த வழியில் போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். அதன் விளைவுதான் புல்வெளி. இடத்தை அழித்தால் பாத்திரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாகிவிடும் என்று எண்ணுகிறோம். ஆனால் அந்த முன்பள்ளியில் அது ஒரு பிள்ளைக்கும் உரியதாகவில்லை. இதைப் பற்றி ஆறேழு மாதங்கள் யோசித்தும் எனக்கு வழி தெரியவில்லை. வழியைக் காட்டியது பக்கத்து வளவு ஆடு.

சுற்றிக்கொண்ட கயிறு

எழுத முடியாத நாள்களில் நான் அயல்வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனுமதி கேட்டு, அதன் கயிற்றை அளந்தும் பார்த்தேன். இரு கைகளையும் விரித்த அளவு ஒரு பாகம் என்றால், இரண்டு பாகத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த அளவுக்கு மரத்தைச் சுற்றிப் புல் வழித்தெடுத்ததுபோல ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்கு வெளியே புல் முழங்கால் உயரம். அந்த விளிம்புக்கு ஒரு சாண் அப்பால் கிடக்கும் குழைக்காக ஆடு முன்னங்கால்கள் இரண்டையும் மடித்து, முழங்காலில் ஊன்றி, கழுத்தை நீட்டி, நாக்கையும் நீட்டும். அப்படி முழங்காலில் நின்று எட்டும் அந்த நிலையை ஓவியர் தம்பி வந்து பார்த்து ஒரு பிற்பகல் முழுவதும் வரைந்தார். குறும்பு, துணிவு, ஆசை என்று நான் எழுதிவைத்தவை எல்லாம் அந்த ஒரு வளைவுக்குள் இருந்தன. இந்த ஆட்டை முயலாக மாற்ற முடியாது. கயிற்றை எடுத்துவிட்டால் அந்த நிலையும் இல்லை. எட்டும் இடத்துக்கும் எட்டாத இடத்துக்கும் இடையில்தான் அது தன் உருவத்தைப் பெறுகிறது.

ஆடு செய்யும் இன்னொன்றும் இருக்கிறது; நம் ஊரில் அதைக் காணாத பிள்ளை இருக்காது. அது மரத்தை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு அடிமரத்தில் சுற்றிக் குறைந்துகொண்டே வரும். கடைசியில் கன்னம் பட்டையில் முட்டும் அளவுக்கு வந்து, அசைய முடியாமல் நின்று கத்தும். அவிழ்த்துவிடுவது எப்படி என்பதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்: முடிச்சில் கை வைக்கத் தேவையில்லை, ஆட்டைப் பிடித்துக்கொண்டு மறுபக்கமாகச் சுற்றி வர வேண்டும். ஒருநாள் அப்படி நின்று ஆடு கத்தியபோது அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. நான் போக எழும்புமுன்னர், அடுத்த வளவிலிருந்து வேலிப் பொட்டுக்குள்ளால், வேலியிலிருந்த அந்தச் சிறு இடைவெளிக்குள்ளால், ஒரு சிறுமி குனிந்து வந்தாள். அந்த இரண்டு வீட்டாரும் எல்லைத் தகராறில் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை என்பது ஊருக்கே தெரியும். அவள் ஆட்டின் கழுத்துக் கயிற்றில் கை வைத்து, அதனோடு பேசிக்கொண்டே நாலு சுற்று மறுபக்கமாக நடத்தினாள். பிறகு வந்த வழியே போய்விட்டாள். அவள் எவரின் அனுமதியும் கேட்கவில்லை. ஆட்டின் சொந்தக்காரர் யார் என்பதும் அவளுக்குத் தெரியாதது அன்று.

புத்தகம் அங்கேதான் கிடைத்தது. புதிய கதையில் ஆட்டுக்குப் பெயர் இல்லை. ஆடு குழையைத் தேடி மரத்தைச் சுற்றுகிறது. விரிபக்கத்துக்கு விரிபக்கம் வட்டம் சுருங்குகிறது. நடுவிலுள்ள 8ஆம், 9ஆம் பக்கங்களில் ஆட்டின் மூக்கு மரத்தோடு ஒட்டி நிற்கிறது. பொட்டுக்குள்ளால் ஒரு பிள்ளை வருகிறாள். அடுத்த பக்கங்களில் வட்டம் திரும்பப் பெருகுகிறது. சொற்கள் 112இலிருந்து 41ஆகக் குறைந்தன. படத்தில் தெரிவதைச் சொல்லால் திரும்பச் சொன்னால் பிள்ளையின் கண் வேலையிழந்துவிடும் என்பதை நான் முன்பும் அறிவேன். ஆனால் எதை விட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இந்த முறை நான் வேண்டுமென்றே விட்டது அந்த ஒரு பதிலை. ஆடு இன்னாருடையது என்று ஒரு வரியிலும் இல்லை. திண்ணையில் காய்கிற சேலை, கவிழ்த்து வைத்த தண்ணீர்ச் சட்டி, மரத்தில் சாத்திய கொக்கத்தடி ஆகியவற்றைப் பார்த்துப் பிள்ளைகள் தாமே அறிந்துகொள்ளலாம். பொட்டுக்குள்ளால் வந்தவள் யாருடைய பிள்ளை என்றும் எழுதவில்லை. நூலைப் பார்த்த ஒரு பெரியவர், அவளுக்கு ஒரு பெயராவது வைக்க வேண்டும், பிள்ளை உதவி செய்தாள் என்ற படிப்பினையைக் கடைசிப் பக்கத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அறிவுரை கூறினார். மரியாதையோடு மறுத்தேன். அவள் நாலு சுற்று நடந்ததைப் பார்த்த பிள்ளைக்கு, அவள் எவ்வளவு நல்லவள் என்று நான் வந்து விளக்குவது அவளையும் சிறுமைப்படுத்தும், பார்த்த பிள்ளையையும் சிறுமைப்படுத்தும்.

இந்த ஆண்டு பங்குனியில் புதிய மாதிரிப் புத்தகத்தோடு அதே முன்பள்ளிக்குப் போனேன். அந்தச் சிறுவன் இப்போது மேல்வகுப்பில் இருந்தான். அவனையும் கூப்பிட்டு இருத்தும்படி ரீச்சரைக் கேட்டுக்கொண்டேன். மூன்றாவது விரிபக்கத்தில் வட்டம் சுருங்கியபோது, "மற்றப் பக்கம்! மற்றப் பக்கம்!" என்று பாயில் இருந்த பிள்ளைகள் ஆட்டுக்குச் சொல்லத் தொடங்கினார்கள், சிலர் எழும்பி நின்று கையால் சுற்றிக் காட்டினார்கள். அவன் மட்டும் சத்தமிடவில்லை. வாசித்து முடித்ததும் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நிலத்தில் விரித்து வைத்து, ஆட்டின் கழுத்தில் விரலை வைத்துக் கயிற்றின் மேலாகவே மரம்வரை நகர்த்திக்கொண்டு போனான். முதல் விரிபக்கத்தில், இரண்டு பக்கங்களும் சேரும் மடிப்பில் அவன் விரல் நின்றது. "அன்ரி, இஞ்சை கயிறு விட்டுப்போச்சு" என்றான்.

குனிந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. மடித்துச் செருகிய புத்தகத்தில் நடு விரிபக்கம் ஒன்றுதான் ஒரே தாளில் அமைவது; மற்றவற்றில் இடப்பக்கம் ஒரு தாளிலும் வலப்பக்கம் இன்னொரு தாளிலும் இருக்கும். வெட்டும்போதும் மடிக்கும்போதும் ஒரு நூலளவு விலகினால், குறுக்கே போகும் கோடு மடிப்பில் இணையாது. ஆடு இடப்பக்கத்திலும் மரம் வலப்பக்கத்திலும் நின்றதால், மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் கயிறு இரண்டு துண்டாகத் தெரிந்தது. ஓவியர் தம்பிக்கு அன்று மாலையே சொன்னேன். அவர் அச்சகத்தில் கவனமாக மடிக்கச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, அதை நம்ப முடியாது என்றார். பிறகு எல்லாப் பக்கங்களையும் திரும்ப வரைய ஒப்புக்கொண்டார். இப்போது பலாமரம் ஒவ்வொரு விரிபக்கத்திலும் மடிப்பின் மேலேயே நிற்கிறது. அடிமரம் தடிப்பானது என்பதால் நூலளவு விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆடு இடப்பக்கத்தில் நின்றால் கயிறும் இடப்பக்கத்திலேயே முழுதாக இருக்கிறது; வலப்பக்கம் போனால் வலப்பக்கத்தில்.